மூன்றாவது சில்லு

மாணவியர் விடுதி
ஜூன் 12

என் அக்காவுக்கு,

நீ நலமா, அத்தான் நலமா? மூன்றாவதாக ஒருவர் வந்திருக்கிறாராமே, அவரும் நலமா? நான் நலம். பல்வலி போய்விட்டது. கணக்குப் பரீட்சைதான் இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் செய்தியைச் சொன்னதும் வார்டன் மேஜைக்கு முன்னாலேயே குதித்துவிட்டேன். "இது என்ன விளையாட்டு மைதானமா?" என்று அதட்டினார். "நான் சித்தி ஆகப்போறேன் மேடம்" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வாரத்துக்கு ஐந்து நிமிடம்தான் போன். அது அம்மாவுக்கே சரியாகிவிடுகிறது. உனக்கு எப்போதும்போலக் கடிதம்தான்.

உன் பார்சலும் வந்தது. உப்பு வெண்ணெய் பிஸ்கட், மூன்றாம் மாதிரி. என் மேல்கட்டிலில் தூங்கும் ஒட்டகம் (உயரத்தால் வந்த பெயர்) பாதியைத் தின்றுவிட்டாள். மீதியை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறேன். கடிக்கும்போது சத்தம் சரி. முதலில் வெண்ணெய் வருகிறது, பின்னால் இனிப்பு. விழுங்கிய பிறகு, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, நாக்கின் ஓரத்தில் உப்பு எட்டிப் பார்க்கிறது. அந்த உப்புக்காகத்தான் இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை போகிறது. தீர்ப்பு: ஆம்.

வகுப்பில் வீட்டார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். "எங்க அக்கா சாப்பிட்டுப் பார்த்துச் சம்பளம் வாங்குறா" என்றேன். யாரும் நம்பவில்லை. பிஸ்கட் உறையைக் காட்டினேன், நம்பினார்கள். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

படிகளில் மெதுவாக ஏறு.

உன் தங்கை

*

மூன்றாம் மாடி
ஜூன் 22

எங்கள் வீட்டு நீதிபதி அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா, போர்வைக்குள் டார்ச் வைத்துப் படிக்கிறாயா?

உன் தீர்ப்பைச் சுவை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். 'உப்பு எட்டிப் பார்க்கிறது' என்ற இடத்தில் பெரியவர் தலையாட்டினார். எங்கள் பிஸ்கட் ஆலையில் அவருக்குத் 'தலைமை நாக்கு' என்று பெயர். டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். "இந்தப் பிஸ்கட் நல்லபடியா வெளிய போகட்டும்மா. அப்புறம் இந்த நாற்காலி உனக்குத்தான்" என்றார். இதுவரை ஒரு பெண்கூட அதில் உட்கார்ந்ததில்லை. வீட்டுக்கு வந்து அத்தானிடம் இரண்டு முறை சொன்னேன்.

எங்கள் அறை எப்படி இருக்கும் என்று முன்பு கேட்டாய் அல்லவா? வட்ட மேஜை, ஐந்து நாற்காலி, மேலே சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சத்தில் கருகியதும் வெளுத்ததும் ஒன்றுபோலத் தெரியும். கண் போய் நாக்கை ஏமாற்றக் கூடாதாம். நிறம் தெரியாததால் வாக்குக்கு மரச்சில்லு. வட்டச் சில்லு போட்டால் ஆம், சதுரம் போட்டால் இல்லை. சட்டம் ஒன்றே ஒன்று: விழுங்காதவருக்குச் சில்லு கிடையாது. "துப்புறவனுக்குத் தொண்டையில நிக்கிற ருசி எப்படித் தெரியும்?" என்பார் பெரியவர்.

மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். பள்ளிக்கூடம் முழுக்க 'குண்டூஸ்' என்று கூப்பிட்டதைக் கேட்ட காது இல்லையா, எடைக் கருவிக்கு முதுகைக் காட்டி ஏறி நின்றேன். "சத்தமா சொல்லாதீங்க, எழுதிக்கோங்க" என்றேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அம்மா தினமும் போன் செய்து "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்கிறாள். நான் எப்போதும்போல மூன்று வேளைதான். காலையில் எழுந்தால் மட்டும் சாவிக்கொத்தை வாயில் வைத்துத் தூங்கியதுபோல ஒரு ருசி. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

உன் அக்கா

*

மாணவியர் விடுதி
ஜூலை 17

என் அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? இங்கே மழை. துணி காயாததால் அறைக்குள் நான்கு பேரும் ஈரப் பாவாடைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடக்கிறோம். ஒட்டகத்தின் பாடுதான் பாவம்.

நான்காம் மாதிரி வந்தது. கோபித்துக்கொள்ளாதே. தீர்ப்பு: இல்லை. இனிப்பு வாசற்படியிலேயே வந்து நின்றுகொண்டு வேறு யாரையும் உள்ளே விடவில்லை. உப்பைக் காணோம். நான் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தின்று பார்த்தேன், ஒட்டகத்திடமும் கேட்டேன். "கல்யாண வீட்டுல மாப்பிள்ளையைக் காணோம்கிற மாதிரி இருக்கு" என்றாள். நீயா இதற்கு வட்டம் போட்டாய்?

நூலகத்தில் கர்ப்பிணிகளுக்கான புத்தகம் ஒன்று கிடைத்தது. நூலகர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அக்காவுக்கு" என்று இரண்டு முறை சொன்னேன். அதில் எடை ஏறத்தான் வேண்டும், ஆனால் சீராக ஏற வேண்டும், இரண்டு பேருக்குச் சாப்பிடத் தேவையில்லை என்று போட்டிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "புத்தகமா பெத்துக்கப் போகுது?" என்றாள். உன் நர்ஸ் என்ன சொல்கிறார்?

உன் தங்கை

*

மூன்றாம் மாடி
ஆகஸ்ட் 12

தங்கைக்கு,

நலம். நீ நலம் என நம்புகிறேன். எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

நான்காம் மாதிரிக்கு மேஜையில் ஐந்து பேரும் வட்டம் போட்டோம். ஐந்து பேரும் இந்த வேலையில் வருடக்கணக்காக இருப்பவர்கள். பார்சல் வழியில் நனைந்திருக்கும். ஐந்தாம் மாதிரியை உனக்கு அனுப்பவில்லை. நிறைய பொட்டலம் மிஞ்சவில்லை.

நர்ஸ், எடை கொஞ்சம் வேகமாக ஏறுகிறது என்றார். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். காலை, மதியம், இரவு என்று உள்ளதைச் சொன்னேன். "இதுக்கு இவ்வளவு ஏறாதே" என்று பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். வம்பு வேண்டாம் என்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். அடுத்த முறை எடை சரியாக இருக்கும். இதற்குப் போய்ப் புத்தகம் புரட்டாதே. உன் பாடத்தைப் படி.

அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா

*

மாணவியர் விடுதி
ஆகஸ்ட் 18

என் அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அதை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

பாடத்தைப் படித்துவிட்டேன். உன் கடிதத்தையும் திரும்பத் திரும்பப் படித்தேன். நர்ஸிடம் காலை, மதியம், இரவு சொன்னாய். மேஜையைச் சொல்லவில்லையே! வேலை நேரத்தில் வாயில் போடுவதை நீ எப்போதுமே சாப்பாட்டில் சேர்த்ததில்லை. விடுமுறையில் உன் வீட்டுக்கு வந்தபோது ஒருநாள் "காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலடி" என்றாய். உன் சட்டை முழுக்க பிஸ்கட் தூள். நானும் அத்தானும் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. மேஜையை வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டை விட்டால், முட்டையும் பருப்பும் காயும் போய், சர்க்கரையும் வெண்ணெயும் அல்லவா மிஞ்சும்?

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒரு மாதிரிக்கு ஒரு துண்டு போதும் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்? ஒரு துண்டில் இவ்வளவு ஏறுமா?

பதில் போடு. ஒரு வரி போதும்.

உன் தங்கை

*

மூன்றாம் மாடி
செப்டம்பர் 14

அன்பு மச்சினிக்கு,

அத்தான் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் 'வேலை முடிந்தது, கையெழுத்து இடவும்' என்று எழுதுவதோடு சரி.

உன் கடிதத்தை அக்கா மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். பதில் எழுத உட்காருகிறாள், எழுந்துவிடுகிறாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

போன வாரம் இரண்டாம் மாடிப் படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஊரில் பாதி லிஃப்ட் என் கையால் ஓடுகிறது. எங்கள் கட்டடத்தில் ஓடாமல் கிடக்கும் லிஃப்டுக்கு மட்டும் வேறு கம்பெனி! சர்க்கரைப் பரிசோதனையும் எல்லையைத் தாண்டிவிட்டது. இன்னொரு முறை விரிவாகப் பார்க்க வேண்டுமாம். நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எடை ஏறலைன்னாதான் நான் பயப்படுவேன். எதனால ஏறுதுன்னு தெரியலைன்னாலும் பயப்படுவேன். வீட்டுல என்ன நடக்குது?" என்றார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல?

இன்னொரு விஷயம். நேற்று நான் வைத்த சூப்பில் "உப்பே இல்ல" என்று ஒரு கரண்டி உப்பு போட்டாள். குடித்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டாள். என்னால் வாயில் வைக்க முடியவில்லை. "என்ன சமைக்கிறீங்க, சப்புன்னு இருக்கு" என்று எனக்குத் திட்டு வேறு. உப்புப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளிடம் நான் என்ன பேச?

நீ படிக்கிற பெண். உனக்கு ஏதாவது புரிந்தால் அவளுக்கே எழுது.

அத்தான்

*

மாணவியர் விடுதி
செப்டம்பர் 19

என் உயிர் அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது தைரியம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். அத்தானைத் திட்டாதே.

உயிரியல் டீச்சரிடம் கேட்டேன். கர்ப்பகாலத்தில் சிலருக்கு நாக்கின் ருசி மாறுமாம். உலோக ருசி வருமாம், உப்பும் இனிப்பும் மங்குமாம். நோய் இல்லையாம், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுமாம். எனக்கு உடனே உன் சாவிக்கொத்து ஞாபகம் வந்தது. ஜூன் மாதமே எழுதியிருக்கிறாய், நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அக்கா, நீ அந்த மேஜையில் சாப்பிடவில்லை. தேடுகிறாய். முதல் துண்டில் உப்பு தெரியவில்லை. இரண்டாவதில் தெரியுமா என்று பார்க்கிறாய். பிறகு இன்னொன்று. எல்லோரும் போன பிறகு, சிவப்பு விளக்கின் கீழே தனியாக உட்கார்ந்து, இன்னும் ஒன்று. நான் சொல்வது தப்பாக இருந்தால் என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

நாற்காலிக்காக நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. நாக்கு சரியில்லை என்று சொல்ல அந்த ஆலையில் யாருக்குத்தான் வாய் வரும்? ஆனால் நீ எனக்குத் தீர்ப்புச் சொல்லப் பழக்கியபோது என்ன சொன்னாய்? "தெரிஞ்சதை மட்டும் சொல்லு. எனக்குப் பிடிக்கணும்னு சொல்லாதே" என்றாய். நான் எட்டாவது படிக்கும்போது சொன்னது. அதை வைத்துத்தான் உன் நான்காம் மாதிரிக்கு 'இல்லை' என்று எழுதினேன்.

நர்ஸிடம் மேஜையைப் பற்றிச் சொல். மதியம் சாப்பிடு. தயவுசெய்து.

உன் தங்கை

*

மூன்றாம் மாடி
அக்டோபர் 9

என் செல்ல நீதிபதிக்கு,

நலம். இந்த முறை சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே நலம்.

உன் கடிதம் வந்த மறுநாள் முதலில் நர்ஸிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாடா! கணக்கு இப்பதான் நேராகுது" என்றார். திட்டவே இல்லை. "உங்களை யாரும் இளைக்கச் சொல்லலம்மா. பட்டினி கிடக்காதீங்க. தட்டுல பாதி காய், முட்டையோ பருப்போ கட்டாயம், நடுவுல பசிச்சா பழம், சாயங்காலம் ஒரு நடை. அப்புறம் அந்த மேஜை. அதை நீங்கதான் பேசித் தீர்க்கணும்" என்றார்.

அந்த வாரம், நான்காம் மாதிரியை ஒட்டியே செய்த ஐந்தாம் மாதிரிக்கு இறுதி வாக்கு. எல்லோரும் வட்டம் போட்டார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னம்மா, உன் சில்லு எங்க?" என்றார் பெரியவர்.

"எனக்குத் தெரியல சார்."

"எது தெரியல?"

"இதுல உப்பு இருக்கா இல்லையான்னு தெரியல. ஜூலையிலேர்ந்தே தெரியல. நாலாம் மாதிரிக்கும் தெரியாமத்தான் வட்டம் போட்டேன்."

என் பக்கத்து நாற்காலிக்காரர், நாங்கள் 'கண்ணாடி' என்று கூப்பிடுபவர், மெல்லச் சொன்னார்: "எனக்கும் கொஞ்சம் இனிப்பாத்தான் பட்டுது. நீங்க போட்டீங்களேன்னு நானும் போட்டேன்." அவருக்கு அடுத்தவரும் அதையே சொன்னார். பெரியவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "சரக்கு வாங்க ஆர்டர் போட்டாச்சு! இப்ப வந்து ஆளாளுக்கு நாக்கைத் தேடுறீங்களா?"

நான் பையிலிருந்து உன் ஜூலைக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். வாசற்படியில் நிற்கும் இனிப்பு, காணாமல் போன மாப்பிள்ளை, எல்லாம். கண்ணாடி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. "யாரு நாக்கும்மா இது?" என்றார்.

"என் தங்கச்சி சார். ஒன்பதாவது படிக்கிறா."

இதைச் சொல்லும்போது எனக்கு அழுகையா பெருமையா என்று தெரியவில்லை. நாக்கைச் சுத்தமாக்க வெறும் ரொட்டியைத் தின்று, தண்ணீர் குடித்து, பெரியவர் புதிதாக ஒரு துண்டை மென்றார். பிறகு தன் வட்டத்தை எடுத்துவிட்டுச் சதுரத்தைப் போட்டார். "எனக்கும் வயசாச்சு. கொஞ்ச நாளா இந்தப் பொண்ணு போட்டா நானும் போட்டுட்டிருந்தேன்" என்றார்.

ஐந்தாம் மாதிரி போய்விட்டது. நான் இப்போது மேஜையில் எதையும் வாயில் போடுவதில்லை, அதனால் என் சில்லும் போய்விட்டது. விழுங்காதவருக்குச் சில்லு இல்லை என்ற சட்டம் எனக்கும் சட்டம்தான். இப்போது மேஜையில் துண்டுகளை அடுக்குகிறேன், உடைத்துச் சத்தம் கேட்கிறேன், மற்றவர்களைக் கேள்வி கேட்டுக் குடைகிறேன். நாற்காலியைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இரண்டாவது பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்குள் வந்துவிட்டது. மதியம் ஆலைக் கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அத்தான் சாயங்காலம் நடக்கக் கூட வருகிறார். வழியில் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் நின்று, "இதோட மோட்டார் நான் மாத்தினது" என்கிறார். இப்படி நின்று நின்று நடந்தால் குழந்தை வழியிலேயே பிறந்துவிடும் என்றேன்.

உன் அக்கா

*

மாணவியர் விடுதி
அக்டோபர் 21

என் அக்காவுக்கு,

நலம், நலம், நலம்! உன் கடிதத்தை ஒட்டகத்துக்கு வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை வாக்கியம் தன்னுடையது என்று இப்போது விடுதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நீ "எனக்குத் தெரியல சார்" என்று சொன்ன இடத்தை மட்டும் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். முதல் கடிதத்தில் பெருமைப்பட்டேனே, அது பிஸ்கட் உறையைப் பார்த்து வந்த பெருமை. இது வேறு. இதை வகுப்பில் எப்படிச் சொல்வது என்று தெரியாததால் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

ஆறாம் மாதிரி வந்தது. உப்பு திரும்பிவிட்டது. முன்பைவிடக் கொஞ்சம் தாமதமாக வருகிறது, அதுவும் அழகாக இருக்கிறது. தீர்ப்பு: ஆம்.

நீ நடக்கும் நேரத்தில் நானும் மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன். அம்மாவும் வழிக்கு வந்துவிட்டாள். "ரெண்டு பேருக்கு வேணாம், நல்லதாச் சாப்பிடச் சொல்லு" என்றாள். ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல!

உன் தங்கை

*

மூன்றாம் மாடி
டிசம்பர் 29

சித்தி அவர்களுக்கு,

இங்கே நால்வரும்… இல்லை, மூவர்தான். வீட்டில் கேட்கும் சத்தத்தை வைத்து நால்வர் என்று எழுதப்போனேன். எல்லோரும் நலம். உன் மகள், அப்படித்தான் எழுதுவேன், உன் மகள் பிறந்துவிட்டாள்.

முதலில் ஆலைச் செய்தி. பெரியவர் விடைபெற்றார். நாற்காலியைக் கண்ணாடிக்குக் கொடுத்தார்கள். அன்று இரவு கொஞ்சம் அழுதேன், உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் போவதற்கு முன் பெரியவர் தச்சரிடம் சொல்லி ஐந்து சில்லு புதிதாகச் செய்ய வைத்திருந்தார். முக்கோணம். 'தெரியவில்லை' என்பவர்களுக்கு. சளி பிடித்தவர், பல் பிடுங்கியவர், யாராக இருந்தாலும் இனி விழுங்கிவிட்டுப் பொய் சொல்ல வேண்டாம், முக்கோணத்தைப் போடலாம். முதல் வாரத்திலேயே இரண்டு விழுந்ததாம். கண்ணாடி சொன்னார், அதற்கு ஆலையில் 'அக்கா சில்லு' என்று பெயராம். நாற்காலியில் யார் பெயரும் எழுதியிருக்காது தெரியுமா?

உப்பு வெண்ணெய் பிஸ்கட் கடைக்கு வந்துவிட்டது. மருத்துவமனையில் அத்தான் ஒன்று கொடுத்தார். ஒரே ஒரு துண்டு. மென்றேன், விழுங்கினேன், காத்திருந்தேன். நாக்கின் ஓரத்தில் வந்தது. அத்தானின் கையை அழுத்திப் பிடித்தேன். பிரசவ வலிக்குக்கூட இப்படிப் பிடிக்கவில்லை என்கிறார்.

இப்போது அவளைப் பற்றி. குளிப்பாட்டித் துடைத்து எடைத் தட்டில் வைத்தார்கள். அதே நர்ஸ். என் பழக்கம் அவருக்குத் தெரியுமே, சத்தமில்லாமல் எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். நான் கட்டிலிலிருந்து எக்கி அந்த எண்ணைப் பார்த்து, வராந்தா வரை கேட்கக் கத்தினேன்: "மூணு கிலோ நூறு!"

"ஏம்மா, ஏலமா விடுறீங்க?" என்றார் நர்ஸ்.

இந்த மாதிரியைப் பார்சலில் அனுப்ப முடியாது. பொங்கல் விடுமுறை தொடங்கிய அன்றே கிளம்பி வா. தீர்ப்பை நேரில் சொல்.

உன் அக்கா